பத்தாம் வகுப்பும் பத்து வட்டியும்

அசல் 8,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம். இரண்டு ஆண்டுக்குக் கூட்டு வட்டி எவ்வளவு? தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பை ஒழுங்காக முடித்த எந்தப் பிள்ளையும் சூத்திரத்தை எழுதி, நான்கு வரியில் கணக்குப் போட்டு, 1,680 ரூபாய் என்று விடைக்கு அடியில் கோடும் போட்டுவிடும்.

அதே பிள்ளையிடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். தெருக்கோடியில் இருப்பவர் மூணு வட்டிக்குப் பணம் தருகிறார். வங்கி 12 சதவீதத்துக்குத் தருகிறது. எது மலிவு? மூன்றுதானே பன்னிரண்டைவிடச் சின்னது என்று பதில் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 சதவீதம். பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120. தெரு மாதக் கணக்கில் பேசுகிறது, வங்கி ஆண்டுக் கணக்கில் பேசுகிறது. பள்ளிக்கூடம் இரண்டாவதை மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு, முதலாவது நடக்கும் தெருவுக்குப் பிள்ளைகளை அனுப்பி வைக்கிறது.

உயர்நிலைப் பள்ளியில் பணத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பெற்றோர் கேட்கிறார்கள், ரிசர்வ் வங்கி கேட்கிறது, பங்குச் சந்தை நிறுவனங்கள்கூடக் கேட்கின்றன. எதைச் சொல்லிக் கொடுப்பது, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதில்தான் குழப்பம். பெரும்பாலும் அது "சேமிக்கப் பழகு" என்ற அறிவுரையாகச் சுருங்கிப் போகிறது. மாதக் கடைசியில் வீட்டுச் செலவுக்கே கைமாற்று வாங்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? அதற்குத் தேவை, அம்மா கையெழுத்துப் போடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் கணக்குப் போடத் தெரிவது.

பாடம் இருக்கிறது, சேர்வதில்லை

மாநிலப் பாடத்திட்டத்தில் பணமே இல்லை என்று குறை சொல்ல முடியாது. எட்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் 'வாழ்வியல் கணிதம்' என்று தனி இயலே உண்டு. சதவீதம், லாப நட்டம், தள்ளுபடி, கூட்டு வட்டி எல்லாம் அதில் வருகின்றன. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் பணமும் கடனும் ஒரு பாடம். பத்தாம் வகுப்பில் மொத்த உள்நாட்டு உற்பத்தி, உலகமயமாதல், உணவுப் பாதுகாப்பு, அரசும் வரிகளும், தமிழ்நாட்டின் தொழில் தொகுப்புகள் என்று பொருளியல் பகுதி நன்றாகவே விரிகிறது.

ஆனால் கணக்கு ஆசிரியர் வட்டியைச் சூத்திரமாக நடத்துகிறார். சமூக அறிவியல் ஆசிரியை கடனை வரையறையாக நடத்துகிறார். இந்த இரண்டு பீரியடும், வீட்டு பீரோவில் இருக்கும் நகை அடகு ரசீதில் ஒருமுறைகூடச் சந்தித்துக்கொள்வதில்லை. பத்தாம் வகுப்போடு இந்த அரைகுறைத் தொடர்பும் முடிந்துவிடுகிறது. பிளஸ் ஒன்னில் அறிவியல் குரூப் எடுத்தவர்களுக்குப் பொருளியல் புத்தகமே கிடையாது. பொறியாளராகி முதல் மாதச் சம்பளம் வாங்கும்போது, அந்தச் சம்பளச் சீட்டில் உள்ள பி.எஃப். பிடித்தம் என்ன என்று பலர் கூகுளில் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாட்டு அளவிலும் நிலைமை தேறியதாக இல்லை. நிதிக் கல்விக்கான தேசிய மையம் 2019-இல் நடத்திய ஆய்வு, இந்தியாவில் வயது வந்தவர்களில் 27 சதவீதம் பேர்தான் அடிப்படை நிதி அறிவு பெற்றவர்கள் என்று கணக்கிட்டது. மீதிப் பேரும் கடன் வாங்காமலோ, சீட்டுப் போடாமலோ, செல்போனில் பணம் அனுப்பாமலோ இருக்கிறார்களா என்ன?

பதினேழு வயதில் பாஸ்புக்

முன்பெல்லாம் பள்ளிப் பிள்ளையின் பணம் என்றால் உண்டியல், அல்லது சஞ்சாயிகா. பள்ளிக்குள்ளேயே மாணவர்கள் நடத்திய சிறுசேமிப்புத் திட்டமான சஞ்சாயிகா, இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பணத்தை வாங்கி வைப்பதும் பேரேட்டில் பதிவதும் மாணவர்களே. சிறுகச் சிறுகச் சேர்ந்தது அஞ்சலகக் கணக்குக்குப் போகும். தொகை பெரிதல்ல. பதிவேடு எழுதப் பழகியதுதான் அதில் கிடைத்த படிப்பு.

இப்போது நிலைமை வேறு. பத்து வயது நிறைந்த சிறுவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-இலேயே அனுமதி தந்தது. 2025 ஏப்ரலில் அந்த விதிகளைத் திருத்தி வெளியிட்டது. எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் அந்தக் கணக்கில் கடன் நிலுவை விழக் கூடாது.

தமிழ்நாட்டில் இன்னொரு மாற்றம் இதைவிடப் பெரிது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயை நேராக வங்கிக் கணக்கில் செலுத்துகிறது. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் வந்தது. அதற்கு முன்பே, தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் தேறியவர்களுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 12,000 ரூபாய் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. ஆக, வீட்டிலேயே முதன்முதலாகச் சொந்தப் பெயரில் மாதாமாதம் பணம் வரும் ஆளாகப் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை இருப்பது இன்று சாதாரணம்.

கணக்கு இருக்கும் இடத்துக்கு வலையும் வந்துவிடும். "உன் அக்கவுன்ட் சும்மாதானே கிடக்கு, ஏ.டி.எம். கார்டையும் சிம்மையும் குடு, மாசாமாசம் கமிஷன் தர்றேன்" என்று கல்லூரி வாசலில் வந்து நிற்கும் ஆள், சைபர் மோசடியில் பறித்த பணத்தைக் கைமாற்றி விடுவதற்குத்தான் அந்தக் கணக்கைக் கேட்கிறார். பணம் பறிகொடுத்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்ததும், முதலில் முடக்கப்படுவது அந்த மாணவரின் கணக்கு. போலீஸ் தேடி வருவதும் அவர் வீட்டுக்குத்தான். கமிஷன் கொடுத்தவரின் முகவரி யாருக்கும் தெரியாது.

செல்போன் வழியாக வரும் இன்னொரு ஆசை, பங்குச் சந்தையின் எதிர்கால ஒப்பந்த வணிகம். எஃப் அண்டு ஓ என்று யூடியூபில் சொல்வது இதைத்தான். சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டார்கள். எல்லாரும் சேர்ந்து இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43-ஆக ஏறியது. பிளஸ் டூ முடித்து இரண்டு, மூன்று ஆண்டிலேயே எட்டிவிடும் தூரம்தான் இது.

சொல்லிக் கொடுத்தால் மாறுமா?

நிதிக் கல்வி என்றாலே நல்லதுதான் என்று நம்பிக்கொண்டிருந்த ஆய்வுலகத்தை 2014-இல் ஒரு கட்டுரை உலுக்கியது. ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்மயர் என்ற மூவர் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மக்களின் பண நடத்தையில் காணும் வேறுபாட்டில் நிதிக் கல்வியால் விளக்க முடிவது வெறும் 0.1 சதவீதம் என்பது அவர்களின் முடிவு. படித்தது காலப்போக்கில் மங்கிப் போகிறது. முடிவெடுக்க வேண்டிய நேரத்துக்குப் பக்கத்தில் சொல்லிக் கொடுத்தால்தான் நிற்கும் என்றார்கள். பிறகு 2022-இல் வந்த இன்னொரு தொகுப்பு, 76 சோதனை ஆய்வுகளை எடுத்துக்கொண்டு, பலன் அவ்வளவு மோசமில்லை என்று காட்டியது.

இந்த வாதங்களுக்கு நடுவே அதிகம் பேசப்படுவது பிரேசில். உலக வங்கி ஆய்வாளர்கள் 2010, 2011-இல் ஆறு மாநிலங்களில் 892 அரசு உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் சிலவற்றில் மட்டும் நிதிக் கல்வி. மாணவர்கள் மொத்தம் 25,000 பேர் அளவில். தனிப் பாடம் வைக்காமல், கணிதம், மொழி போன்ற பாடங்களுக்குள்ளேயே சிறு சிறு நிகழ்வுகளாக அதைச் சேர்த்தார்கள். பெற்றோரோடு உட்கார்ந்து வீட்டு வரவு செலவுத் திட்டம் போடுவது போன்ற பயிற்சிகளும் அதில் இருந்தன.

விளைவு கலவையாக இருந்தது. மாணவர்களின் அறிவு கூடியது, சேமிப்பவர்கள் சற்றே அதிகரித்தார்கள், பெற்றோர்களிடமும் மாற்றம் தெரிந்தது. கூடவே யாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பாடம் படித்த மாணவர்கள் கிரெடிட் கார்டையும் தவணைக் கடனையும் மற்றவர்களைவிட அதிகமாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கடன் என்ற கதவு இருப்பது தெரிந்ததும் திறந்து பார்த்துவிட்டார்கள். ஒன்பது ஆண்டு கழித்து அதே மாணவர்களைத் தேடிப் பார்த்தபோது நிலைமை தலைகீழாக இருந்தது. அதிக வட்டிக் கடனில் மாட்டியவர்களும் தவணை தவறியவர்களும் அவர்களிடையே குறைவு. சிறு தொழில் தொடங்கியவர்கள் அதிகம்.

இதிலிருந்து தமிழ்நாட்டு வகுப்பறை எடுத்துக்கொள்ளக் கூடியவை இரண்டு. நிதிக் கல்விக்குப் புதிதாக ஒரு புத்தகம் அச்சடிக்க வேண்டியதில்லை. இருக்கும் பாடங்களுக்குள்ளேயே அது பொருந்தும். சேமிப்பைவிடக் கடனைப் பற்றித்தான் முதலில், அதிகமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கரும்பலகையில் ஒரு தண்டல்

சென்னைப் பக்கம் தண்டல் என்பார்கள், வேறு ஊர்களில் நாள் வட்டி. காய்கறிக் கடை, இட்லிக் கடை, பூக்கடை நடத்துபவர்களுக்குப் பழகிப்போன கடன் இது. கடன் 10,000 ரூபாய் என்று பேச்சு. முன்கூட்டியே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். சிறிய அட்டையில் ஒவ்வொரு நாளும் ஒரு கையெழுத்து.

"பத்தாயிரத்துக்கு ஆயிரத்து ஐநூறு. பதினஞ்சு பர்சென்ட்தானே?" என்று தோன்றும். கரும்பலகையில் இதை நான்கு படியாகப் பிரிக்கலாம்.

முதல் படி: கையில் வந்தது 8,500தான். ஆகவே அசல் 8,500, வட்டி 1,500. இரண்டாம் படி: அந்த 8,500-உம் நூறு நாளும் கையில் நிற்பதில்லை. முதல் நாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. சராசரியாகப் பார்த்தால் கடன்காரர் அனுபவித்த தொகை ஏறத்தாழப் பாதி, 4,250-ஐ ஒட்டி. மூன்றாம் படி: 4,250-க்கு நூறு நாளில் 1,500 வட்டி என்றால் 35 சதவீதம். நான்காம் படி: ஆண்டில் நூறு நாட்கள் மூன்றரை முறைக்கு மேல் வருகின்றன. துல்லியமாகக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது, ஊர் பாஷையில், பத்து வட்டி.

சதவீதமும் சராசரியும் மட்டும் தெரிந்திருந்தால் போதும், ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு இது எட்டும் கணக்கு.

இதே வித்தை கண்ணாடிக் கதவு போட்ட கடையிலும் உண்டு. இருசக்கர வாகனத்துக்கு 60,000 ரூபாய் கடன், "ஒன்பது பர்சென்ட் ஃபிளாட்", இரண்டு ஆண்டு. ஆண்டுக்கு 5,400 வீதம் வட்டி 10,800, மொத்தம் 70,800, மாதத் தவணை 2,950. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 60,000-க்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குத்தான் வட்டி என்று பார்த்தால் உண்மையான விகிதம் 16 சதவீதத்துக்கு மேல். இந்த ஏமாற்றுக்கு ஒரு மருந்தும் சட்டத்தில் இருக்கிறது. 2024 அக்டோபர் முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன் வாங்கும் ஒவ்வொருவருக்கும் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் ஏ.பி.ஆர். என்று போட்டிருக்கும் அந்த ஒரு எண்ணை மட்டும் இரண்டு கடன்களுக்கு இடையே ஒப்பிடத் தெரிந்தால், பிளஸ் டூ பையன் தன் அப்பாவுக்குச் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தித் தரலாம்.

சீட்டு விளையாட்டும் ஆறு பேர் கணக்கும்

வகுப்பில் நடத்திக் காட்டுவதற்கு ஏலச்சீட்டைப் போல வசதியானது வேறில்லை. இருபது மாணவர்கள், ஆளுக்கு 1,000 ரூபாய், இருபது மாதம். துண்டுக் காகிதம்தான் பணம். முதல் மாதம் ஒருத்திக்கு அவசரமாகப் பணம் வேண்டும். 4,000 தள்ளி 16,000-க்குச் சீட்டை எடுக்கிறாள். தள்ளிய 4,000-இல், 20,000-க்கு 5 சதவீதக் கமிஷன் 1,000 ரூபாய் போக, மீதி 3,000 இருபது பேருக்கும் பிரிகிறது. ஆளுக்கு 150. ஆக, அந்த மாதம் எல்லாரும் 850 கட்டினால் போதும்.

நான்கைந்து சுற்று ஆடினால் மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்: முதலில் எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார், இருவரையும் சேர்த்து வைப்பவர் கமிஷன் வாங்குகிறார். வங்கி செய்வதும் ஏறக்குறைய இதுதான். பிறகு ஆசிரியர் ஒரு மாணவனைத் தனியே அழைத்து, ஐந்தாம் மாதத்தோடு பணம் கட்டாமல் நின்றுவிடச் சொல்லலாம். "டேய், சீட்டை எடுத்துட்டு இப்ப கட்ட மாட்டேங்கிறியா?" என்று வகுப்பு சத்தம் போடும்போது, 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் பதிவையும் பிணையையும் ஏன் கட்டாயமாக்கியது என்று சொன்னால் யாருக்கும் மறக்காது.

மோசடித் திட்டங்களுக்கு இன்னொரு கணக்கு. ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேர். 6, 36, 216, 1,296 என்று எழுதிக்கொண்டே போனால் பத்தாவது சுற்றில் மட்டும் 6 கோடியைத் தாண்டுகிறது. பத்துச் சுற்றையும் கூட்டினால் 7,25,59,410. தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 7 கோடியே 21 லட்சம். கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரையும் சேர்த்தாலும் பத்தாவது சுற்றுக்கு ஆள் போதாது. அடுக்கு எண்கள் நடத்தும் கணக்கு வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

மாதம் 10 சதவீதம் தருகிறேன் என்பவரையும் கூட்டு வட்டிச் சூத்திரத்திலேயே போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் ரூபாய், வட்டியையும் அசலோடு சேர்த்துக்கொண்டே போனால், ஓர் ஆண்டில் 3 லட்சத்தைத் தாண்டும். ஐந்து ஆண்டில் 3 கோடி. அப்படி ஒரு தொழில் கையில் இருப்பவர், தன்னிடம் உள்ள ஒரு லட்சத்தை வைத்தே கோடீஸ்வரர் ஆகிவிடலாமே, ஊர் ஊராக ஏஜென்ட் வைத்து எதற்கு அடுத்தவர் பணத்தைக் கேட்கிறார்? தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2012-இல் பெருந்துறையை மையமாக வைத்து ஈமு கோழி மோசடி வெடித்தது. பத்து ஆண்டு கழித்து ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் மீது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. கோழியும் தங்கமும் வேறு வேறு. வாக்குறுதிக்குப் பின்னால் உள்ள கணக்கு ஒன்றுதான்.

தக்காளியிலிருந்து ரிசர்வ் வங்கிக்கு

பணத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பொருளாதாரத்தை விட்டுவிட்டால் பாடம் பாதியில் நின்றுவிடும். அமெரிக்க ஆய்வாளர்கள் அன்னமரியா லூசார்டி, ஒலிவியா மிட்செல் இருவரும் வகுத்து, இன்று உலகெங்கும் கேட்கப்படும் மூன்று கேள்விகளில் ஒன்று இதைத் தொடுகிறது. சேமிப்புக்கு 1 சதவீத வட்டி, விலைவாசி ஏற்றம் 2 சதவீதம். ஓராண்டு கழித்து அந்தப் பணத்தில் முன்பைவிட அதிகமாக வாங்க முடியுமா, குறைவாகவா? மற்ற இரண்டு, கூட்டு வட்டியையும், எல்லாப் பணத்தையும் ஒரே நிறுவனத்தின் பங்கில் போடுவதன் ஆபத்தையும் பற்றியவை. அமெரிக்காவில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் 2004-இல் கேட்டபோது, மூன்றுக்கும் சரியாகச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான்.

விலைவாசியைப் புரியவைக்க வகுப்பே ஒரு குறியீட்டெண் தயாரிக்கலாம். தக்காளி, முட்டை, அரை லிட்டர் பால், சமையல் எரிவாயு சிலிண்டர், மினி பஸ் டிக்கெட், செல்போன் ரீசார்ஜ் என்று ஒரு பட்டியல். ஆளுக்கு ஒரு பொருள், மாதம் ஒரு விலை. மூன்று மாதம் எழுதினால், தக்காளி ஏறி இறங்குவதும், ரீசார்ஜ் ஏறினால் இறங்காததும் தெரிந்துவிடும். பட்டியலில் எதற்கு எவ்வளவு எடை என்ற சண்டை அடுத்து வரும். அரசின் பட்டியலிலும் அந்தச் சண்டை உண்டு. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் ஏறத்தாழ 46 சதவீத எடை கொடுத்திருந்தார்கள். கூலி வேலை செய்பவர் வீட்டில் இது குறைவாகத் தெரியும், வசதியான வீட்டில் அதிகமாகத் தெரியும். விலைவாசி எல்லாருக்கும் ஒரே மாதிரி ஏறுவதில்லை என்பதை மாணவர்கள் தங்கள் வீட்டுக் கணக்கிலிருந்தே சொல்வார்கள்.

அங்கிருந்து ரிசர்வ் வங்கி தூரமில்லை. விலைவாசி ஏற்றத்தை 4 சதவீதத்தில் வைக்க வேண்டும், இரண்டு புள்ளி கூடலாம் குறையலாம் என்பது 2016 முதல் அதற்குத் தரப்பட்ட இலக்கு. விலை ஏறினால் அது, வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை, அதாவது ரெப்போ விகிதத்தை, உயர்த்துகிறது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கிய குடும்பத்தின் தவணை சில மாதத்தில் கூடுகிறது, அல்லது கட்ட வேண்டிய ஆண்டுகள் நீள்கின்றன. மும்பையில் எடுத்த முடிவு திருச்சியில் ஒரு வீட்டுச் செலவை மாற்றுவது இந்த வழியில்தான்.

வரிக்குப் பாடப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு ஓட்டல் பில் போதும். இட்லி, தோசை, காபிக்குக் கீழே மத்திய ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம், மாநில ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் என்று இரண்டு வரி. ஒன்று டெல்லிக்கு, ஒன்று சென்னைக்கு. வரி என்பது பணக்காரர்கள் கட்டுவது, நாங்கள் சலுகை வாங்குபவர்கள் என்று நினைக்கும் பிள்ளை, தான் தின்ற பிஸ்கட் பாக்கெட்டிலும் வரி கட்டியிருப்பதைக் காணும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஐந்து ரூபாய் பாக்கெட்டின் விலை குறைந்ததா, உள்ளே எடை கூடியதா, இரண்டும் இல்லையா என்று பழைய உறையையும் புதிய உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல வீட்டுப்பாடம். பெட்ரோலும் மதுவும் ஏன் இந்த வரிக்குள் வரவில்லை என்ற கேள்வியும் தானாகவே எழும். மாநில அரசின் வருவாயைப் பற்றிய பாடம் அங்கே தொடங்குகிறது.

நடத்துவது யார்?

பல பள்ளிகளில் நிதிக் கல்வி என்பது, வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவதோடு முடிகிறது. வருபவர் காப்பீட்டு முகவராகவோ பங்குத் தரகராகவோ இருந்தால், கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் வெளியே வரும். பொருளை விற்பவரிடமே அந்தப் பொருளைப் பற்றிய பாடத்தையும் ஒப்படைப்பது சரியல்ல.

உள்ளூரிலேயே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களால், லட்சக்கணக்கான தாய்மார்கள் தீர்மானப் புத்தகம், சேமிப்பு லெட்ஜர், கடன் லெட்ஜர் எழுதத் தெரிந்தவர்களாக ஆகியிருக்கிறார்கள். குழுவில் பத்து, பதினைந்து ஆண்டு ஊக்குநராக இருந்த அம்மா ஒருவர் தன் லெட்ஜரோடு வகுப்புக்கு வந்தால், கடனுக்கு யாருக்கு முன்னுரிமை, தவணை தவறியவரை எப்படிக் கேட்பது, வங்கி மேலாளர் என்னென்ன தாள் கேட்பார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லாததைச் சொல்வார். கூட்டுறவு வங்கிச் செயலாளர், அஞ்சலக ஊழியர் போன்றவர்களும் உண்டு. வங்கி திவாலானாலும் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான வைப்புக்குக் காப்பீடு உண்டு என்பதையும், ஊர்ச் சீட்டுக்கு அது கிடையாது என்பதையும் அவர்களே விளக்கலாம்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். தண்டலுக்கு 120 சதவீதம் வட்டி என்று கண்டுபிடித்த மாணவி, "அப்ப எங்கம்மா ஏன் சார் அவர்கிட்டயே போறாங்க?" என்று கேட்பாள். அம்மாவுக்குக் கணக்குத் தெரியாததால் அல்ல. தள்ளுவண்டிக்கு முதல் நாள் மாலை 8,500 ரூபாயை, பத்திரம், ஜாமீன் எதுவும் கேட்காமல், வாசலுக்கே கொண்டுவந்து தரும் வங்கி எதுவும் அவர் தெருவில் இல்லை. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்தது. சட்டம் வந்த பிறகும் தண்டல் நிற்கவில்லை என்றால் அந்தக் கடனுக்கான தேவை நிற்கவில்லை என்று பொருள். ஏழைக்குக் கடன் ஏன் விலை கூடுதலாகக் கிடைக்கிறது, பிணை என்றால் என்ன, அரசு எதில் தலையிடலாம் என்று ஒன்பதாம் வகுப்புக் கடன் பாடம் பேச வேண்டியது இந்த இடத்தில்தான். அதைப் பேசாமல் கணக்கை மட்டும் சொல்லிக் கொடுத்தால், பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவைத்தான் குற்றம் சொல்லும்.

நேரம் எங்கே என்பது ஆசிரியர்களின் நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்கு வராத எதற்கும் ஜனவரிக்குப் பிறகு இடம் கிடைக்காது. ஆகவே வழியையும் தேர்வு வழியாகவே தேடலாம். வினாத்தாளில் ஒரு அடகு ரசீதின் படத்தையோ தவணைக் கடன் தாளையோ அச்சிட்டு, இதன் ஆண்டு வட்டி என்ன, கெடு தவறினால் என்ன ஆகும், இதே தொகையை வேறு எங்கே வாங்கலாம் என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி ஒருமுறை கேட்டால் போதும். அடுத்த ஜூனில் மாநிலத்தின் எல்லா கைடுகளிலும் அடகு ரசீது வந்துவிடும், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாசிலும் அதைத்தான் நடத்துவார்கள்.